வலது பக்க இருக்கை

அந்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டில், நவமணியின் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். பெண்வீட்டார் பக்கம் ஐவர்: குடும்பத்துக்கு மூத்தவரான ஐயாவு, அவருடைய காலஞ்சென்ற தம்பியின் மகள் நவமணி, நவமணியின் மகளும் மணப்பெண்ணுமான புனிதா, நவமணியின் உடன்பிறந்த தம்பி மகேந்திரன், அவன் மனைவி கலாதேவி. மாப்பிள்ளை வீட்டார் பக்கம் மூவர்: யாழ்ப்பாணத்து வழிவந்த, ஓய்வுபெற்ற அரசாங்க நில அளவையாளர் விஸ்வலிங்கம், அவர் துணைவியார் புஷ்பராணி, மகள் தர்சிகா. மாப்பிள்ளை இளங்கீரனுக்குப் பினாங்கில் வேலை, வரவில்லை. வேறு யாரும் அங்கே இல்லை. பக்கத்து வீட்டம்மாள் பலகாரத்தட்டை நீட்டிவிட்டு வேலியோரம் சற்று நின்றது கணக்கில் சேராது.

நடக்க வேண்டியது ஒன்றுதான். வெற்றிலைத் தட்டு மாற்றி, கல்யாண நாளை உறுதி செய்ய வேண்டும். புனிதாவின் அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. ஆகவே பெண்வீட்டார் சார்பில் தட்டை வாங்க வேண்டியவன் தாய்மாமன் மகேந்திரன். கல்யாணத்தன்று மணவறைக்குப் போகும் முன் பெண்ணுக்கு முதல் மாலை போட வேண்டியவனும் அவன்தான். மாமன் மாலை விழாத கழுத்தில் அந்தக் குடும்பத்தில் தாலி ஏறியதில்லை. சிலிம் ரிவர் பக்கம் மேட்டுத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வாசலில் தகரக் கொட்டகை போட்டு நடந்த கல்யாணங்களிலும் ஏறியதில்லை.

விருந்தாளிகள் வருவதற்கு முன்பு ஐயாவு மகேந்திரனைக் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூப்பிட்டார். நில அலுவலகத்தில் எழுத்தர்களுக்கெல்லாம் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். எழுபத்தெட்டு வயதிலும் சட்டைக் கை பொத்தானைப் போடாமல் யார் முன்னாலும் வந்ததில்லை.

"தம்பி, அந்த விமானக் கம்பெனிக்கு என்ன பதில் சொன்ன?"

"இன்னும் சொல்லல பெரியப்பா. இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு."

"சொல்லாத. அஞ்சு மணி தானா வரும், தானா போகும். நீ பாட்டுக்கு இரு."

"போயிட்டா மறுபடி கூப்பிட மாட்டாங்க."

"வேற கம்பெனி கூப்பிடும், கேப்டனா கூப்பிடும். அந்தத் தேவன் பய உனக்குப் பக்கத்துல உக்காந்து வேல பழகினவன். இப்ப அவன் கேப்டன், நீ அவனுக்குக் கையாளா? எங்கப்பன தோட்டத்துல பேர் சொல்லிக் கூப்பிடல, நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. அந்த வீட்டுலேர்ந்து ஒருத்தன் கேப்டன்னு ஆயிருக்கான். சம்பந்தி வீட்டுல நான் அப்படித்தான் சொல்லியிருக்கேன். நாம என்ன, எறங்குறதுக்கா ஏறுனோம்?"

மகேந்திரன் "சரி பெரியப்பா" என்றான். அந்தக் குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு அந்த நாள் வரை யாரும் பேசியதில்லை. ஆனால் அவரிடம் சொல்லாத ஒன்று அவனிடம் இருந்தது. வீட்டில் கலாதேவிக்கு மட்டும் தெரியும்.

செலாட் ஏர் சின்னக் கம்பெனி. இறக்கைகளில் இரண்டு உந்திகள் சுழலும் விமானங்கள்தான் அதனிடம் இருந்தன. பெரிய விமானம் இறங்க முடியாத குட்டி ஓடுபாதைகளிலும் தீவுகளிலும் இறங்கும். ஈப்போவிலும் இறங்கும். மகேந்திரன் அதில் ஒன்பது வருடம் கேப்டனாக இருந்தான். பிறகு செலாட் ஏரும் காயங்கான் ஏரும் ஒன்றாயின. ஒன்றானதும் மேலே இருந்தவர்கள் முதலில் பார்த்தது, எந்த விமானத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று. காயங்கானின் ஜெட் விமானங்கள் தங்கின. ஒரே வகை விமானம் என்றால் ஒரே உதிரிப்பாகம், ஒரே பயிற்சி; செலவு குறையும். செலாட்டின் விமானங்கள் வாடகைக்கு எடுத்தவை. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவற்றை ஓட்டியவர்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு. மகேந்திரனுக்கு வேலை போகவில்லை; சம்பளம் மட்டும் போயிற்று. இரண்டு வருடமாக அப்படியே.

விமானிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. திறமைக்கும் வயதுக்கும் அதில் இடமில்லை. கம்பெனியில் சேர்ந்த நாள் ஒன்றுதான் பேசும். முன்னால் சேர்ந்தவன் முன்னால் நிற்பான். யாருக்கு எந்த விமானம், எந்த இருக்கை, யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது, யாரை முதலில் திரும்பக் கூப்பிடுவது எல்லாம் அந்த வரிசைப்படிதான். இணைந்தபோது செலாட்காரர்களைக் காயங்கான்காரர்களுக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். பழைய வருடங்கள் எண்ணிக்கையில் சேரவில்லை. தேவன் நான்கு வருடத்துக்கு முன்பே, ஜெட் ஓட்டும் ஆசையில் காயங்கானுக்குப் போயிருந்தவன். இப்போது அவன் முன்னால். அவனுக்கு வேலை பழக்கிய மகேந்திரன் வெகு பின்னால்.

இப்போது கூப்பிட்டிருக்கிறார்கள். ஜெட் விமானத்தில் வலது பக்க இருக்கை, அதாவது துணை விமானி. புதிதாய்ச் சேர்கிறவனின் சம்பளம். வேண்டாம் என்றாலும், பதிலே சொல்லாவிட்டாலும் வரிசையிலிருந்து நீக்கம். இவ்வளவும் ஐயாவுக்குத் தெரியும். அவரிடம் சொல்லாதது, பயிற்சியின் தேதி. ஜகார்த்தாவில், ஆவணி முழுக்க, ஒரு நாளும் விடுப்பில்லை. கல்யாணத்துக்குப் பார்த்திருந்த முகூர்த்தம் ஆவணி மூன்றாவது ஞாயிறு. அதை விட்டால் தைக்குத்தான் மண்டபம் கிடைக்கும். இளங்கீரனோ ஐப்பசியில் மெல்பர்னுக்குக் கிளம்ப வேண்டியவன்.

மகேந்திரன் வீட்டில் சும்மா இருக்கவில்லை. ஈப்போ சுற்றுவட்டாரத் தாமான் குடியிருப்புகளில் பார்சல் போட்டான். பெரியப்பா கேட்டுக்கொண்டதற்காக முகக்கவசமும் தொப்பியும் போட்டுக்கொண்டு போட்டான். பழைய ரப்பர் தோட்டங்கள் இருந்த இடமெல்லாம் இப்போது வரிசை வீடுகள். ஒவ்வொரு கதவிலும் நின்று மணி அடிப்பான். தலைக்கு மேல் ஏதாவது சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்காமல் இருக்கத் தன்னைப் பழக்கிக்கொண்டான். பார்க்காமலே எந்த வகை, ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். அதை என்ன செய்ய முடியும்.

செலாட்டின் விமானங்களில் இரண்டு, வாங்குகிறவர் வரும்வரை ஈப்போ விமான நிலையத்தின் ஓரத்தில் நின்றன. இன்ஜின் வாயில் சிவப்புத் துணி கட்டி, உந்திகளைக் கயிற்றால் பிணைத்து வைத்திருந்தார்கள். மகேந்திரன் வாரத்துக்கு ஒரு தடவை வேலிக்கு வெளியே காரை நிறுத்திப் பார்த்துவிட்டு வருவான். மழைத் தண்ணீர் வழிந்து மூக்கில் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. அதைத் துடைத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். ஒரு நாள் போனபோது துணி இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் ஏறினார்கள். இடது உந்தி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்து, முதலில் இருமி, பிறகு சீராகியது. அந்த இருமலை அவன் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான். விமானம் ஓடுபாதை முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல் பாதியிலேயே எழும்பி, சுண்ணாம்பு மலைகளுக்கு இந்தப் பக்கமே திரும்பிப் போயிற்று. மகேந்திரனும் அப்படித்தான் திருப்புவான். வீட்டுக்கு வந்து, பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

இறங்குவதற்குத்தான் அவன் அதிகம் ஏங்கினான். ஏறுவதை யந்திரம் செய்துவிடும்; இறங்குவது கையில் இருக்கிறது என்பான். தரையை நெருங்கும்போது விமானத்தின் யந்திரக் குரல் உயரத்தை அடிக்கணக்கில் சொல்லிக்கொண்டே வரும். வீட்டுக்குள் காரை நுழைக்கும்போது அவன் வாய்க்குள் அதையே சொல்வான்: ஐம்பது, நாற்பது, முப்பது, இருபது. கலாதேவிக்கு அது தெரியும்.

"எறங்கியாச்சா கேப்டன்? கதவத் திறக்கலாமா? பேசெஞ்சர் ரொம்ப நேரமா வெளிய நிக்கிறேன்."

அவன் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். இரண்டு வருடம் அப்படி ஓடியது.

மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பாயில் உட்கார விஸ்வலிங்கத்துக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, நாற்காலி போட்டார்கள். புஷ்பராணி மஞ்சள், குங்குமம், பழம், புடவை எல்லாம் அடுக்கிய தட்டைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தேத்தண்ணீர் வந்தது. தர்சிகா வடையை எடுத்துக்கொண்டு மகேந்திரனைப் பார்த்தாள்.

"அங்கிள், மெல்பர்ன் போக ஃபேமிலி டிஸ்கவுண்ட் கிடைக்குமா? அண்ணா ஏற்கெனவே சீட்டுக் கேட்கச் சொல்லிட்டான்லா."

"மெல்பர்ன் நம்ம கம்பெனி போகாதும்மா."

"அப்ப என்னத்துக்கு சொந்தம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

விஸ்வலிங்கம் சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "தம்பி இப்ப எந்தப் பக்கம் பறக்கிறார்? ஈப்போவுக்கு வாற சின்ன விமானம் நிண்டுபோச்சு எண்டு பேப்பரிலை பார்த்தன்."

மகேந்திரன் வாயைத் திறப்பதற்குள் ஐயாவு பதில் சொன்னார். "தம்பிக்குப் பெரிய விமானம் குடுக்கிறாங்க. அது தயாராகிற வரைக்கும் லீவுல இருக்கச் சொல்லியிருக்காங்க."

"ஓம் ஓம். கேப்டனுக்கு அந்த மரியாதை இருக்கத்தானே வேணும்."

மகேந்திரன் கீழே பார்த்தான். கலாதேவி தேத்தண்ணீர்க் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்; சத்தம் சற்று அதிகமாக இருந்தது.

சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. தேவன். மகேந்திரன் எழுந்து சமையலறைப் பக்கம் போய் எடுத்தான்.

"கேப்டன்," என்றான் தேவன். அவன் இன்னமும் அப்படித்தான் கூப்பிடுவான். "என்ன கேப்டன், இன்னும் பதில் போடலையாம்? ஆபீஸ்ல இப்பதான் கேட்டேன். மணி நாலாகப் போகுது."

"வீட்டுல விசேஷம்டா."

"தெரியும். கல்யாணமும் கோர்ஸும் ஒரே நேரத்துல விழுது, அதானே? எவ்வளவோ கேட்டுப் பாத்தேன் கேப்டன். பயிற்சி எடுக்கிற சிமுலேட்டர் நமக்குச் சொந்தமில்ல, ஜகார்த்தாவுல வாடகைக்கு. குடுத்த நாள விட்டா அடுத்த வருஷம்தானாம். உங்களுக்குக் கீழ அம்பது பேர் நிக்கிறாங்க. நீங்க விட்டா அடுத்தவனுக்குப் போயிரும்." சற்று நிறுத்தினான். "என் பக்கத்துல உக்கார உங்களுக்குக் கஷ்டமா இருந்தா, ரோஸ்டர்ல வேற கேப்டனோட போடச் சொல்றேன்."

"அதுல எனக்கு ஒண்ணுமில்லடா," என்றான் மகேந்திரன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவனுக்கே தெரிந்தது. தேவனின் பக்கத்தில் உட்காருவதில் அவனுக்குக் கூச்சமே இல்லை. எந்தப் பக்கமானாலும் முன்னால் கண்ணாடி இருக்கும். கண்ணாடிக்கு அப்பால் ஓடுபாதை இருக்கும். அவனுக்கு அது போதும். அவனுக்கு வலித்தது வேறு.

கூடத்துக்குத் திரும்பியபோது ஐயாவு எழுந்து நின்றிருந்தார். சபையில் பெயர் சொல்லித் தட்டை மாற்றுவது அந்தக் குடும்பத்து முறை. குரல் வீட்டுக்கு வெளியே வரை கேட்டது.

"மேட்டுத் தோட்டம் பெரியசாமியின் கொள்ளுப் பேத்தி, காலஞ்சென்ற பத்துமலையின் மகள், செல்வி புனிதாவின் தாய்மாமன், கேப்டன் மகேந்திரன் வந்து தட்டு வாங்கிக்கலாம்."

விஸ்வலிங்கமும் புஷ்பராணியும் தட்டோடு எழுந்தார்கள். மகேந்திரன் அவர்களுக்கு எதிரே வந்து நின்றான். கையை நீட்டவில்லை.

"இத வாங்குறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடுறேன். நான் இப்ப கேப்டன் இல்ல. ரெண்டு வருஷமா சம்பளமில்லாம வீட்டுல இருக்கேன். பார்சல் போடுறேன். பெரிய விமானத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க, ஆனா துணை விமானியா. கீழேயிருந்து ஆரம்பிக்கணும்."

புஷ்பராணியின் கையில் தட்டு அப்படியே நின்றது. விஸ்வலிங்கம் மெதுவாக உட்கார்ந்தார்.

"தம்பி, உம்மடை பதவியைப் பார்த்து நாங்கள் சம்பந்தம் பேச வரேல்லை. பெண்ணைப் பார்த்துத்தான் வந்தனாங்கள். ஆனா எங்களுக்குச் சொன்னது ஒண்டு, இருக்கிறது ஒண்டு எண்டா, வேறை என்னென்ன அப்பிடி எண்டு நாங்கள் யோசிக்க வேண்டி வரும்."

நவமணியின் முகம் வெளுத்துவிட்டது. ஐயாவு இன்னும் நின்றபடியே இருந்தார். முதுகு கொஞ்சமும் வளையவில்லை.

"சொன்னது நான்," என்றார். "அவன் ஒரு வார்த்தை சொல்லல. என் வார்த்தையில தப்பு இருந்தா என்னைக் கேளுங்க. பிள்ளைங்க மேல போடாதீங்க."

விஸ்வலிங்கம் அவரையே பார்த்தார். இரண்டு பெரியவர்களும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு விஸ்வலிங்கம் தலையசைத்தார். "சரி. சொன்னவர் ஒப்புக்கொண்டா அது அவ்வளவுதான்."

முடிந்துவிட்டது என்று நவமணி மூச்சு விட்டாள். மகேந்திரன் விடவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. நான் வேலைக்குச் சரின்னு சொன்னா, ஆவணி முழுக்க ஜகார்த்தாவுல இருக்கணும். கல்யாணத்தன்னிக்கு நான் இருக்க மாட்டேன்."

ஐயாவு அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அடி வாங்கியவர் போல இருந்தது. காலையிலிருந்து அவர் காவல் காத்தது ஒரு பட்டத்தை. ஆபத்து பின்கதவு வழியாக வரும் என்பது அவருக்குத் தெரியாது.

"மாமன் இல்லாமல் கலியாணமோ?" என்றார் புஷ்பராணி. குரல் உடைந்திருந்தது. "கேப்டனா இருந்தா என்ன, லொறி ஓட்டினா என்ன. எங்கட ஆக்கள் கேப்பினம், பெட்டைக்குத் தகப்பனும் இல்லை, மாமனும் இல்லையோ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

அதுவரை சுவரோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்த புனிதா எழுந்து, பட்டுப்புடவை சரசரக்கப் பின்பக்கம் போய்விட்டாள்.

மகேந்திரன் போனபோது அவள் துணி காய்கிற இடத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல மாமா."

"சொன்னா நீ போகச் சொல்வேன்னு பயமா இருந்துச்சு. போகாதேன்னு சொல்வேன்னும் பயமா இருந்துச்சு."

"அப்பா போனப்ப நீங்க லாபுவானுக்குப் பறந்துகிட்டு இருந்தீங்க. தகவல் கெடச்சு, எறங்கி, யூனிஃபார்மோடயே வந்து நின்னீங்க. நீங்க வந்ததுக்கப்புறம்தான் நான் அழுதேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"கல்யாணத்துக்கும் அப்படி வந்து நிப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். தொப்பியோட. தர்சிகா அக்கா ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பாக்கணும்னு." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

"நீ சொல்லு புனிதா. வேணாம்னா விட்டுடறேன். மனசார விட்டுடறேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நான் போகாதீங்கன்னா நீங்க போக மாட்டீங்க. அப்புறம் என் கல்யாண போட்டோவப் பாக்குறப்பல்லாம் உங்க வாடின மூஞ்சியத்தான் பாக்கணும். அதனால என்னைக் கேக்காதீங்க மாமா. நான் சொல்ல மாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க இல்லன்னா நான் அழுவேன்தான். அழுதா மேக்கப் போகும். அவ்வளவுதானே, மறுபடி போட்டுக்கலாம்."

அவள் உள்ளே போனாள். மகேந்திரன் கைபேசியை எடுத்தான். சம்மதம் என்று ஒரு வரி அடித்தான். இரண்டு தடவை படித்துப் பார்த்தான். அனுப்பினான். அடுத்த தாமானில் பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்தது. மணி ஐந்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

கூடத்தில் எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். "சரின்னு சொல்லிட்டேன்," என்றான்.

கலாதேவி கோப்பைகளைக் கீழே வைத்தாள். "மாலைய நான் போடுறேன்."

ஐயாவு அவளைப் பார்த்தார். "தாய்மாமன் மாலையப் பொம்பள போட்டு நான் பாத்ததில்ல."

"நானும் பாத்ததில்ல பெரியப்பா. புருஷன் ரெண்டு வருஷமா கார் ஷெட்டுக்குள்ள விமானம் எறக்குறதையும் நான் அதுக்கு முன்னால பாத்ததில்ல. பாத்துட்டேன்ல?"

தர்சிகா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். புஷ்பராணியின் உதடும் அசைந்தது.

ஐயாவு தன் தோளில் மடித்துப் போட்டிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, அலுவலகத்தில் உத்தரவு சொல்கிற குரலில் சொன்னார்.

"மாமன் பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போயிருந்தா, அவன் தோள்ல கெடந்த துண்டை அவன் பொண்டாட்டி தோள்ல போட்டுக்கிட்டு மாலை போடலாம். அப்ப அது அவன் போட்ட மாலை. எங்க பக்கத்து வழக்கம்."

அந்த வழக்கம் அந்த நிமிடம் வரை அந்தக் குடும்பத்தில் இருந்ததில்லை. எந்தக் குடும்பத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்ன குரலில் அதற்கு நூறு வயதாகிவிட்டது. விஸ்வலிங்கம் மரியாதையாகத் தலையசைத்தார். "உங்கடை வழக்கத்துக்கு நாங்கள் குறுக்கை நிக்கமாட்டம்."

ஐயாவு மறுபடி சபையை நோக்கி நிமிர்ந்தார். தொடக்கத்திலிருந்து, ஒரு வார்த்தையும் குறைக்காமல் சொன்னார்.

"மேட்டுத் தோட்டம் பெரியசாமியின் கொள்ளுப் பேத்தி, காலஞ்சென்ற பத்துமலையின் மகள், செல்வி புனிதாவின் தாய்மாமன்," ஒரு கணம் நிறுத்தினார், "துணை விமானி மகேந்திரன் வந்து தட்டு வாங்கிக்கலாம்."

குரல் முன்பைவிடத் தாழவில்லை. வெளியே வேலி வரை கேட்டிருக்கும். மகேந்திரனும் கலாதேவியும் தட்டை வாங்கிக்கொண்டார்கள்.

ஆவணி மூன்றாவது ஞாயிறு கல்யாணம் நடந்தது. ஜகார்த்தாவில் அன்று காலை மகேந்திரன், ஜன்னலில்லாத ஒரு கட்டடத்துக்குள், கால்கள் வைத்த பெட்டி போன்ற சிமுலேட்டரில் உட்கார்ந்திருந்தான். வலது பக்கம் உட்கார்ந்தால் கைகள் மாறிவிடும். இத்தனை வருடம் வலது கை பிடித்த இன்ஜின் விசைத்தண்டை இனி இடது கை பிடிக்க வேண்டும். தரையில் விமானத்தைத் திருப்பும் சிறு சக்கரம் கேப்டன் பக்கம்தான். அதைத் தேடி இடது கை இரண்டு தடவை வெறும் காற்றைத் துழாவியது. பயிற்றுநர், அவனைவிட எட்டு வயது சிறியவர், அதைக் குறித்துக்கொண்டார். முகூர்த்த நேரத்தில் அவர் ஒரு இன்ஜினை நிறுத்தினார். மகேந்திரன் மற்றதைக் கொண்டு இறக்கினான். ஐம்பது, நாற்பது, முப்பது, இருபது. கண்ணாடியில் தெரிந்தது வரைந்த ஓடுபாதை. சக்கரம் தரையைத் தொட்ட அதிர்வு மட்டும் நிஜம் போலவே இருந்தது.

அறைக்கு வந்து, கைபேசிக்கு வந்திருந்த கல்யாணப் படங்களைப் பார்த்தான். கலாதேவி அவனுடைய சரிகைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நுனிக்காலில் எம்பி, புனிதாவுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் ஐயாவு, சட்டைக் கை பொத்தான் போட்டு, யாரோ கேள்வி கேட்கப் போகிறார்கள் என்பதுபோல் நிமிர்ந்து நின்றார். புனிதா காமிராவைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மகேந்திரன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். இரண்டு வருடம் தரையில் இருந்து வானத்துக்கு ஏங்கியவன், அந்த ஒரு மணி நேரம் ஈப்போவில் ஒரு மண்டபத்து வாசலுக்கு ஏங்கினான். ஏக்கம் தீரவில்லை, இடம்தான் மாறியது.

கார்த்திகையில் அவன் முதன்முதலாகப் பயணிகளோடு பறந்தான். பினாங்கிலிருந்து கோலாலம்பூர், இடது பக்கம் தேவன். மேகம் இல்லாத காலை. கிந்தா பள்ளத்தாக்கு கீழே விரிந்தது. சுண்ணாம்பு மலைகள், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் பச்சைத் தண்ணீர், நேர்கோட்டில் செம்பனை மரங்கள். இவ்வளவு உயரத்திலிருந்து ஈப்போவின் ஓடுபாதை ஒரு தீக்குச்சி.

"கேப்டன், உங்க ஊரு," என்றான் தேவன்.

"உன்னை நான்தான்டா கேப்டன்னு கூப்பிடணும். பின்னால கேட்டா சிரிப்பாங்க."

"கதவு பூட்டியிருக்கு கேப்டன். கோலாலம்பூர்ல எறக்கம் உங்களோடது, எடுத்துக்குங்க."

மகேந்திரன் எடுத்துக்கொண்டான். இடது கை இந்தத் தடவை எதையும் தேடவில்லை.

இதற்குள் சிலிம் ரிவர் பக்கத்துச் சொந்தங்களிடையே ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. கல்யாண மண்டபத்தில் கலாதேவியின் தோளில் புருஷன் துண்டைப் பார்த்தவர்கள், விமானம் விபத்தாகி மகேந்திரன் ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறான், கல்யாணம் நிற்கக் கூடாதென்று குடும்பமே மறைத்துவிட்டது, கலாதேவி நெற்றிப் பொட்டை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டார்கள். இரண்டு பேர் பழத்தோடு துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டார்கள்.

அப்படி எதுவும் இல்லை. மகேந்திரனுக்கு எந்த விபத்தும் நடக்கவில்லை. கல்யாணத்தன்று அவன் ஜகார்த்தாவில் பயிற்சியில் இருந்தான். தேறிவிட்டான்.